ஒழுங்கைக்குள் ஒரு பாண்கடை

கடந்த ஆண்டு ஏப்ரல் மாதம் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடைபெற்ற பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போருக்குப் பிந்திய காலத்தில் பெண்களின் வாழ்வாதாரம் என்பதே பட்டறையின் விடயம். மொத்தம் ஐந்து நாட்கள். அங்கே பேசப்பட்டவற்றை அறிக்கையாக எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அது ஏதாவதொரு கோப்புக்குள் இருக்கும். அறிக்கையில் எழுத இடமில்லாமற் போன ஒரு பாண்கடையைப் பற்றித்தான் சகோதரிகளாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹோ சி மின் நகரம் என்பது 1976 ஆம் ஆண்டு வைத்த பெயர். அங்குள்ள சனங்கள் பேச்சில் இன்றும் சாய்கோன் என்றே சொல்கிறார்கள். பெரிய தெருக்களில் மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் போல வரும். முதல் நாள் ஒரு தெருவைக் கடக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. ஆனால் மிகப் பெருந்தொகையான மக்கள் வாழ்வது ஒழுங்கைகளுக்குள்தான். தெருவிலிருந்து ஒரு ஒழுங்கை, அதிலிருந்து இன்னொரு ஒழுங்கை. வீட்டு இலக்கமும் அதற்கேற்றபடிதான். 51/12/3 என்றால் 51 ஆம் இலக்கத்தடியில் திரும்பி, 12 இல் மறுபடி திரும்பி, மூன்றாம் வீடு. நாங்கள் தங்கிய சிறிய விடுதியும் அப்படியொரு ஒழுங்கைக்குள் இருந்தது.

முதல் நாள் விடிய ஐந்தரை மணிக்குப் பாண் வேகும் மணத்தில் நித்திரை முறிந்தது. ஊரிலே வெதுப்பகத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். மணத்தைப் பின்தொடர்ந்து இறங்கிப் போனேன். நாலு வீடு தள்ளி, ஒரு வீட்டின் முன்பக்கமே கடையாக இருந்தது. சக்கரம் பூட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்று, அதன் மேல் குவியலாகப் பாண், பக்கத்தில் ஒரு சிறிய மேசையில் கோப்பிச் சாமான்கள். இருக்க முழங்கால் உயரப் பிளாஸ்ரிக் ஸ்டூல்கள் ஏழோ எட்டோ. பெயர்ப் பலகை கிடையாது. பெட்டிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கோப்பி மேசையில் எழுபதைத் தாண்டிய அவருடைய தாய்.

மொழி தெரியாமல் எப்படிச் சாப்பாடு கேட்பது? முட்டையைக் கைகாட்டினேன். பன்றி இறைச்சியைக் கைகாட்டி வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண் சிரித்தபடி ஒரு பாணை எடுத்தார். அது எங்கள் அச்சுப் பாண் போன்றதல்ல. ஒரு சாண் நீளம், இரு முனையும் கூர், மேல்தோல் மெல்லியதாகப் பொருபொருவென்று, உள்ளே பஞ்சு குறைவாக, கையில் பாரமே இல்லாமல் இருக்கும். பக்கவாட்டில் கத்தியால் பிளந்து, முட்டை மஞ்சட் கருவும் எண்ணெயும் அடித்த வெண்ணெய் போன்ற பூச்சைத் தடவி, சுடச்சுடப் பொரித்த முட்டையை வைத்து, அதன் மேல் வினாகிரியில் ஊறிய கரட்டும் முள்ளங்கியும், நீளமாக வெட்டிய வெள்ளரிக்காய், தண்டோடு கொத்தமல்லி, வெட்டிய மிளகாய், கடைசியில் ஒரு கறுப்புச் சோஸ் சில துளிகள். கடுதாசியில் சுற்றி, இறப்பர் வளையம் போட்டுக் கையில் தந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இறைச்சி கேட்பவர்களுக்கு ஈரல் பூச்சும் குளிரான இறைச்சித் துண்டுகளும் வைப்பார். அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் அங்குள்ள பௌத்தர்கள் மரக்கறி சாப்பிடுவதால் அன்றைக்குச் சோயாக்கட்டி வைத்த பாணும் உண்டு. விரதக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

விலை 20,000 டொங். பயந்துவிடாதீர்கள், எமது காசில் இருநூற்றைம்பது ரூபாவுக்குக் கிட்டத்தான்.

இந்தச் சாப்பாட்டின் பெயர் பான் மீ. எமது பாணும் அவர்களுடைய பானும் ஒரே சொல்லோ என்று நான் மகிழ்ந்துபோனேன். விசாரித்ததில் அப்படியில்லை. எமது பாண் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்களுடைய ‘பான்’ மாவிலே செய்த பலகாரங்களுக்கான பழைய சொந்தச் சொல், ‘மீ’ என்றால் கோதுமை. ஆனால் பாண் மட்டும் வந்தது பிரெஞ்சுக்காரரோடு. அவர்கள் 1859 இல் சாய்கோனைப் பிடித்தார்கள். கோதுமை விளையாத நாட்டில் பாணும், கோப்பியும், ஈரல் பூச்சும், அவற்றின் பெயர்களும் தங்கிவிட்டன. கோப்பிக்குக் கா ஃபே, ஈரல் பூச்சுக்குப் பா தே என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் பாணையும் இறைச்சியையும் கோப்பையில் தனித்தனியே வைத்துக் கத்தி, முள்ளுக்கரண்டியோடு சாப்பிட்டவர்கள். அதைப் பாணுக்குள் அடைத்து, ஊறுகாயும் மிளகாயும் சேர்த்து, நடந்துகொண்டே சாப்பிடும் ஏழையின் காலைச் சாப்பாடாக்கியது சாய்கோன் சனங்கள். அதிலும் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954 இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது பத்து இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் வடக்கிலிருந்து தெற்குக்கு வந்தார்கள். அப்படி வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதியினர் 1958 இல் சாய்கோனில் தொடங்கிய ஹுவா மா என்ற கடை, இப்படி அடைத்த பாணை விற்ற முதற் கடைகளில் ஒன்று என்று சொல்கிறார்கள். வேலைக்கு ஓடுபவர்களுக்கு இருந்து சாப்பிட நேரமில்லை என்பதனால்தான் கையில் கொடுத்தார்களாம்.

கறியோடும் அங்கே பாண் சாப்பிடுகிறார்கள். தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறி, தொட்டுக்கொள்ளப் பாண். கறிக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கா ரி’. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தமிழர்களும் அங்கே போய் வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்தினார்கள். நகரின் நடுவே அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழர் அநேகமாகப் போய்விட்டார்கள், இன்று வியட்நாமியப் பெண்களே ஊதுபத்தியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பின்னேரம் போய்க் கும்பிட்டேன். அது வேறு கதை.

கோப்பிக்கு வருவோம். சிறிய அலுமினிய வடி ஒன்றைக் கண்ணாடிக் குவளையின் மேல் வைத்து, தூளைப் போட்டு, சுடுதண்ணி விட்டுவிட்டு அந்த அம்மா அடுத்த வேலையைப் பார்ப்பார். அது சொட்டுச் சொட்டாக இறங்க நாலைந்து நிமிடம் எடுக்கும். குவளையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ரின்பால். ஆம், எங்கள் பிளேன்ரீக்குத் தொட்டுக் குடிக்கும் அதே ரின்பால்தான். வெக்கையான நாட்டில் பசும்பால் கிடைக்காமலும் பழுதாகிக்கொண்டும் இருந்தபடியால் அந்தப் பழக்கம் வந்தது. இறங்கி முடிந்ததும் கலக்கி, ஐஸ்கட்டி போட்டுத் தருவார். கசப்பும் இனிப்பும் ஒன்றாக நெற்றியில் அடிக்கும். ஒருகாலத்தில் இலங்கையும் கோப்பி நாடுதான். 1869 இல் வந்த இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகே மலையகம் தேயிலைக்கு மாறியது. வியட்நாமில் அதிகம் விளைவது அந்த நோயைத் தாங்கக்கூடிய றோபஸ்ரா இனம். இன்று உலகில் பிரேசிலுக்கு அடுத்ததாகக் கோப்பி விளைவிப்பது அவர்கள்தான்.

கோப்பிக்குப் பிறகு கேட்காமலே ஐஸ் போட்ட வெறுந் தேத்தண்ணி வரும். அதற்குக் காசில்லை. எவ்வளவு நேரமும் இருக்கலாம். அதிட்டலாபச் சீட்டு விற்கும் ஒரு முதியவர் தினமும் வந்து அதைமட்டும் குடித்துவிட்டுப் போனார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மொழிபெயர்ப்புக்கு எம்முடன் இருந்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாயைத் திறந்ததும்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த மொழியில் ‘நீ’, ‘நான்’ என்று பொதுவாகச் சொல்வது குறைவு. எல்லாம் முறைதான். மூத்த பெண் என்றால் ‘சி’, அக்கா. இளையவரானால் ‘எம்’. வயதுக்கேற்ப மாமி, பாட்டி. சாமான் வாங்க வருகிற ஆளும் முறை சொல்லித்தான் கேட்கிறார். என் வயதைக் கேட்டுவிட்டு மகள் என்னைத் தங்கச்சியாக்கினார். பிறகு கேள்விகள்: கலியாணம் முடிந்ததா, எத்தனை பிள்ளைகள், தாய் தகப்பன் இருக்கிறார்களா. எங்கள் ஒழுங்கையில் கேட்கும் அதே கேள்விகள், அதே ஒழுங்கில்.

இலங்கை என்றதும் அம்மா கேட்டார்: “உங்கட நாட்டிலயும் சண்டை நடந்ததாமே?”

“ஓம் அம்மா. 2009 இல முடிஞ்சது.”

“முடிஞ்சு எத்தனை வருசமெண்டாலும் விடிய எழும்பிச் சமைக்கத்தானே வேணும்” என்றார். அதன் பிறகு நாலு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார்.

அவருடைய கணவர் தெற்கு அரசின் படையில் சாதாரணச் சிப்பாய். 1975 ஏப்ரலில் வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. மகள் அப்போது வயிற்றில். ஏப்ரல் 30 ஆம் திகதி போர் முடிந்தது. வென்ற பக்கத்தில் இறந்தவர்களுக்குத் தியாகி என்ற பதிவும் குடும்பத்துக்குக் கொடுப்பனவும் உண்டு. பல பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு 1994 இல் வீரத் தாய் என்ற பட்டமும் ஏற்படுத்தப்பட்டது. தோற்ற பக்கத்துச் சிப்பாயின் மனைவிக்கு அவை ஒன்றும் இல்லை. அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோப்பித் தூளை அளந்து போட்டபடி சொன்னார்.

அடுத்த பத்து வருடங்கள் கூப்பன் காலம். அரிசி, மா, இறைச்சி, துணி எல்லாம் அட்டைக்கு அளந்து. தனியார் வியாபாரத்துக்கும் தடை. அம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கூடையில் வைத்துத் துணியால் மூடி, வீடுவீடாக விற்றார். மரவள்ளிக்கு அங்கே சொல்லும் பெயரிலும் அந்த ‘மீ’ என்ற சொல் இருக்கிறது. “பாண் இல்லாத காலத்தில அதுதான் எங்களுக்குக் கோதுமை” என்று சிரித்தார். நானும் மரவள்ளியைப் பற்றி எங்கள் கதையைச் சொன்னேன். மொழிபெயர்க்கும் பிள்ளை களைத்துப்போகும்வரை மரவள்ளியைப் பற்றியே பேசினோம்.

1986 இன் இறுதியில் அரசு பொருளாதாரக் கொள்கையை மாற்றி, சிறு வியாபாரங்களுக்கு வழிவிட்டது. சில வருடங்களில் அம்மா இந்தக் கண்ணாடிப் பெட்டியை வாங்கினார். காசு எங்கிருந்து? சீட்டு. அங்கே அதற்கு ‘ஹூய்’ என்று பெயர். ஒழுங்கைப் பெண்கள் பன்னிரண்டு பேர், மாதம் ஒரு தொகை. ஏலம் கூறாமல் முதற் சீட்டை இவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். “கைக்குழந்தையில இருந்து தகப்பன் முகம் காணாத பிள்ளையை வளர்க்கிறாள், முதலில அவளுக்குக் குடுங்கோ” என்று சொன்னவர் எதிர் வீட்டுக்காரி. அந்த எதிர் வீட்டுக்காரியின் தகப்பன் மற்றப் பக்கத்தில் போராடி இறந்தவர். வீட்டுச் சுவரில் சிவப்புச் சட்டம் போட்ட தியாகிச் சான்றிதழ் இருந்தது. சீட்டு எப்போதும் நல்லபடி நடந்தது என்று நினைக்கவேண்டாம். ஒருமுறை நடத்தியவர் காசோடு மறைந்துவிட்டார். விட்டதைப் பிடிக்க இரண்டு வருடம் சென்றதாம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

2016 ஆம் ஆண்டு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வன்னியில் ஒரு கிராமத்தில் குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள் ஐந்து பேருக்குச் சிற்றுண்டிக் கடை போட உதவி செய்தோம். ஐவருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் பெட்டி, காஸ் அடுப்பு, தாச்சி, ஒரே மாதிரிப் பயிற்சி. ஐவரும் ஒரே வீதியில், ஒரு கிலோமீற்றருக்குள். ஐவரும் வடையும் றோல்ஸும். அந்த வீதியால் ஒரு நாளைக்கு நாலு பஸ்தான் போகும். திறந்த அன்று படம் பிடித்தேன். அறிக்கையில் ‘ஐந்து பெண்கள் சொந்தக் காலில்’ என்று தலைப்பிட்டேன். எட்டு மாதத்தில் நாலு கடை பூட்டு. ஒரு அக்கா கடையைத் தூக்கி நிறுத்தவென்று கிழமைக் கடன் எடுத்து, கடையும் போய்க் கடனும் மிஞ்சியது. அடுத்த வருடம் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மகனின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நான் பேசாமல் நின்றேன்.

அவர்தான் சொன்னார்: “மிஸ், ஆர் வாங்கிச் சாப்பிடுறது எண்டு நீங்கள் கேக்கேல்லையே. எங்களுக்குத் தெரியும். ஆனா தாறதை வேண்டாமெண்டு சொன்னா அடுத்த முறை பேரை வெட்டிப்போடுவினமோ எண்டு பயம்.”

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை.

சாய்கோன் ஒழுங்கையில் அந்த ஸ்டூலில் குந்தியிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்: ஆர் வாங்குகிறார்கள்? காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பிள்ளைகள், ஆறரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாய்மாரும், ஏழரைக்கு அலுவலகக்காரர், அதன்பின் ஒன்பது மணிவரை வயோதிபர்கள் கோப்பிக்கு. எதிர் வீட்டுக்காரியின் மகள் நூடில்ஸ் சூப் விற்கிறார். மூலையில் ஒருவர் விடியப்புறம் மட்டும் கஞ்சிப் பதத்திலல்லாத ஒட்டரிசிச் சோறு விற்றுவிட்டு எட்டு மணிக்குப் போய்விடுவார். அதே மூலையில் மத்தியானத்துக்குப் பிறகு இன்னொருவர் ஐஸ் போட்ட இனிப்புப் பாயசம். ஒருவர் விற்பதை மற்றவர் விற்பதில்லை. சூப் குடிப்பவருக்குக் கோப்பி வேண்டுமென்றால் இங்கிருந்து அங்கே போகும். பாண் தருகிற வெதுப்பகம் அடுத்த ஒழுங்கையில். காலையில் கடனுக்குத் தந்து பின்னேரம் காசு வாங்குவார்கள். மிஞ்சுகிற பாணை அம்மா வாழைப்பழத்தோடு பிசைந்து சுட்டு அடுத்த நாள் துண்டு போட்டு விற்பார். இதையெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. “அவள் சூப் விற்கிறாள், நான் ஏன் சூப் விற்கவேணும்?” என்று மகள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

பிரச்சினைகள் இல்லாமலில்லை. 2017 இல் நகர நடுப்பகுதியில் நடைபாதைக் கடைகளைப் பெரிய அளவில் அகற்றினார்கள். ஒழுங்கைக்குள் இருந்தபடியால் இவர்கள் தப்பினார்கள். 2021 கொரோனா முடக்கத்தின்போது ஏறக்குறைய மூன்று மாதம் அடுப்பு மூட்டவில்லை. மகளுக்கு இடுப்பு வருத்தம். பேத்தி கணக்கியல் படிக்கிறாள், கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். “நல்லது” என்றார் அம்மா. “விடிய மூண்டு மணிக்கு எழும்பிற வேலை எனக்கே விருப்பமில்லை.”

வெள்ளிக்கிழமை காலை மகள் விரல்களை எண்ணிக்காட்டி ஏதோ சொன்னார். நாளைக்குக் கடை இல்லை என்று மட்டும் விளங்கியது. மொழிபெயர்க்கும் பிள்ளையிடம் கேட்டேன். நாளைக்குத் தகப்பனுடைய திவசம். அங்கே திவசம் சந்திர நாட்காட்டிப்படி. இறந்த நாள் தெரியாதே, பிறகு எப்படி என்று நான் கேட்டேன். வீட்டிலிருந்து போன நாளையே வைத்திருக்கிறார்களாம். முதல் பதினொரு வருடமும் அம்மா எந்த நாளையும் வைக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாளைத் தெரிந்தெடுக்க மறுத்து நிற்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். அம்மாவும் பதினொரு வருடம் மறுத்தவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு விமானம். பயணப் பையைக் கட்டிவிட்டுக் காலையில் இறங்கி வந்தேன். பெட்டி உள்ளே தள்ளியிருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்கள். சூப் விற்கும் பெண் தன் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கூடைப் பாண் வைத்து, வெதுப்பகத்திலிருந்து வந்தபடியே, ஒன்றும் அடைக்காமல், வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசை ஒரு தனிப் பேணிக்குள் போட்டார். அதிட்டலாபச் சீட்டு முதியவருக்குத் தேத்தண்ணியும் அங்கேதான்.

மகள் என்னைக் கண்டு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முன்னறையில் உயரமான மேடையில் ஒரு இளைஞரின் கறுப்பு வெள்ளைப் படம். மகளைவிட மிக இளமையான தகப்பன். கோழிக்கறி, சோறு, பழங்கள், ஊதுபத்தி. அவற்றுக்கு நடுவே இறைச்சி வைத்த பாண் ஒன்று கடுதாசி சுற்றியபடி, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளை. அதன் மேல் வடி வைத்திருந்தது. கோப்பி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முழுக்க இறங்கும்வரை அம்மா கைகட்டி நின்றார். பிறகு வடியை எடுத்துவிட்டுக் கரண்டியால் ரின்பாலைக் கலக்கினார்.